மீற்றருக்கு இந்தப் பக்கம் நாம் விடும் பிழைகள்

காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர்ப் பக்கம் குழாய்நீரைப் பற்றிப் பேச்செடுத்தால் குறைகள் வரிசையாக வரும். மருந்து மணக்குது, கலங்கலாக வருது, பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வருது, நம்பிக் குடிக்க ஏலாது. இவற்றில் சில நியாயமானவையும்தான். ஆனால் குறை சொல்லும் அதே வீட்டின் கூரைக்கு ஏறித் தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கும். வாசல்வரை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்து சேரும் நீரை, நீர் அளக்கும் மீற்றரைத் தாண்டிய பிறகு நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

மட்டக்களப்பு நகருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வரும் நீர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரித்து, வாவியைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்துக்குப் போவது கொண்டவட்டவான் குளத்து நீர். இரண்டுமே திறந்த குளங்கள், மழை பெய்தால் சுற்றுவட்டத்து மண்ணெல்லாம் வந்து சேரும். அதனால் சேற்றைத் திரட்டிப் படியவிட்டு, மணலில் வடித்து, கடைசியில் குளோரீன் சேர்க்கிறார்கள். அந்தக் குளோரீன் அங்கேயே தீர்ந்துபோகக் கூடாது. வழியில் கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல, நம் வீட்டுக் குழாயில் வரும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இதற்கு மேல் எல்லையாக 1 மில்லிகிராமை வைத்திருக்கிறது. தெருக்குழாயிலிருந்து மீற்றர்வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் பாடு.

கிணற்றையும் குழாயையும் ஒன்றாகக் கோர்ப்பது

எல்லாப் பிழைகளிலும் இதைத்தான் முதலில் வைப்பேன், ஏனென்றால் இது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நம் கரையோரத்தில் குழாய்நீர் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது, மோட்டர் இருந்தது, மேலே தாங்கியும் இருந்தது. பிறகு சபையின் இணைப்புக் கிடைத்ததும், செலவைக் குறைக்க, தாங்கிக்குப் போகும் அதே பழைய குழாயில் ஒரு ‘டீ’ (மூன்று வாய் கொண்ட மூட்டு) போட்டு இதையும் கோர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நடுவில் இரண்டு வால்வுகள். கிணற்று நீர் வேண்டுமென்றால் ஒன்றைத் திற, சபை நீர் வேண்டுமென்றால் மற்றதைத் திற.

ஒருநாள் தெருக்குழாயில் நீர் வராமல் நின்றுவிடும். வீட்டில் ஒருவர் மோட்டரைப் போடுவார், சபைப் பக்க வால்வு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க மாட்டார். தெருக்குழாயில் அமுக்கம் இல்லாததால் கிணற்று நீர் தாங்கிக்கு ஏறுவதற்குப் பதிலாக மீற்றர் வழியே தெருவுக்கே போய்விடும். நீர் திரும்ப வந்ததும் அது பக்கத்து வீட்டுக் குசினியில் இறங்கும். அவர்கள் ‘சபைத் தண்ணி சரியில்லை’ என்பார்கள்.

ஒருவழி வால்வு போட்டிருக்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அதன் நாக்கில் கொஞ்சம் மணலோ துருவோ சிக்கினால் முழுதாக மூடாது. நம் கிணறுகளில் மணலுக்குக் குறைவா?

கிணற்று நீர் அப்படி என்ன மோசம், தலைமுறை தலைமுறையாகக் குடித்ததுதானே என்ற கேள்வி நியாயமானது. அந்தக் காலத்தில் பத்து வீட்டுக்கு இருந்த வளவில் இப்போது நாற்பது வீடு, நாற்பது மலசலகூடக் குழி. மாரியில் நீர்மட்டம் நிலத்தோடு நிலமாக ஏறிவரும்போது குழியின் அடியும் கிணற்றின் ஊற்றும் ஒரே நீரில்தான் நிற்கின்றன. மணல் வடிகட்டும் என்று நம்புகிறோம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் பருமணலில் நீர் வேகமாக ஓடிவிடும், கிருமி சாக அதற்கு நேரம் போதாது.

சரி, என்னதான் செய்வது? இரண்டு வழிகளையும் முற்றாகப் பிரித்துவிட வேண்டும். கிணற்றுக்குத் தனிக் குழாய்: மலசலகூடம், தோட்டம், உடுப்புத் துவைத்தல். சபை நீருக்குத் தனித் தாங்கி. இரண்டு தாங்கிக்கு வசதியில்லை என்றால், சபைக் குழாயின் வாயாவது தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே, நீரில் முட்டாமல், இடைவெளி விட்டு ஊற்றும்படி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்டி எந்த நீரும் பின்னால் போக முடியாது. தெருவைக் காக்க இது போதும். ஆனால் தாங்கியில் இரண்டு நீரும் கலக்கும் என்பதால் குடிக்கவும் சமைக்கவும் தாங்கிக்கு முன்னால், மீற்றரிலிருந்து நேரே ஒரு பைப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பிழைகள். சபைக் குழாயில் நேரே மோட்டர் பூட்டி இழுப்பது ஒன்று. இழுக்கும்போது தெருக்குழாயில் அமுக்கம் பூச்சியத்துக்குக் கீழே போகலாம், அப்போது எங்கே ஒரு வெடிப்போ தளர்ந்த மூட்டோ இருக்கிறதோ அதன் வழியே சுற்றியுள்ள ஈரம், வடிகான் நீர் உட்பட, உள்ளே உறிஞ்சப்படும். அமுக்கம் போதாவிட்டால் நிலமட்டத்தில் ஒரு தாங்கி வைத்து, அது தானாக நிரம்பிய பிறகு அதிலிருந்து மேலே ஏற்றுங்கள். மற்றது, ஹோஸ் பைப்பின் நுனியைக் கழுவும் வாளிக்குள் அமிழ்த்திவிட்டுப் போவது. அந்த நேரம் தெருக்குழாயில் நீர் வருவது நின்றால் வாளி நீர் பின்னோக்கிக் குழாய்க்குள் போகும்.

மணத்தையும் நிறத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது

குளோரீன் மணக்கிறது என்று குழாய்நீரை ஒதுக்கிவிட்டு, மணமில்லாத கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. லேசான மணம் என்றால் பாதுகாப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது பிடிக்கவில்லையென்றால் ஒரு குடத்தில் பிடித்து, வாயைச் சீலையால் கட்டிச் சில மணித்தியாலம் வைத்தால் குறைந்துவிடும். குறைந்த பிறகு காவலும் இல்லை, அன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும்.

பால் போல வெளுத்து வரும் நீர் பெரும்பாலும் காற்றுக் குமிழிதான். கண்ணாடிக் கிளாசில் பிடித்து வைத்தால் ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும். கோடையில் குளம் வற்றி, பாசி பெருகும் காலத்தில் வரும் மண்வாடையும் அருவருப்பாக இருந்தாலும் அந்த வாடையால் மட்டும் தீங்கு இல்லை. நீர் நின்று திரும்ப வரும்போது தெரியும் பழுப்பு, குழாயில் படிந்திருந்த இரும்பும் மண்ணும் கிளம்பி வருவது. பயப்பட வேண்டியது மறுபக்கம்: தெளிவாக, மணமில்லாமல், குளிர்ந்து வரும் நீரிலும் மலக்கிருமி இருக்கலாம், நாக்குக்கு அது தெரியாது.

நீர்வெட்டு என்று அறிவித்தால் நாம் செய்வது, தாங்கி நிரம்பட்டும் என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் தூங்குவது. நடுச்சாமத்தில் நீர் திரும்பும்போது முதல் கலங்கல் முழுவதும் தாங்கிக்குள் போய்ப் படியும். தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டி வைத்து, காலையில் முற்றத்துப் பைப்பைத் திறந்து, தெளிந்த பிறகு தாங்கியைத் திறந்தால் போதும்.

தாங்கி

கூரையில் வைத்த நாளிலிருந்து யாரும் ஏறிப் பார்க்காத தாங்கிகள் நம் ஊரில் ஏராளம். சோழகக் காற்றில் மூடி பறந்து, அதற்குப் பதிலாக ஒரு தகரமும் கல்லும். உள்ளே பல்லி, காகம் போட்ட எலும்பு, அடியில் இரண்டு விரல் சேறு. வெயிலில் சூடேறிக் கிடக்கும் நீரில் குளோரீன் சீக்கிரம் போய்விடும், மிஞ்சுவதைச் சேறு தின்றுவிடும். மூடாத தாங்கியில் டெங்கு நுளம்பும் பெருகும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள். நீரை வெளியேற்றி, சோப்புத் தூள் போடாமல் தூரிகையால் தேய்த்து, அலசி ஊற்றுங்கள். பிறகு நிரப்பி, 1000 லீற்றருக்கு 1 லீற்றர் என்ற கணக்கில் 5 வீதக் குளோரீன் கொண்ட, வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் ஊற்றுங்கள். 500 லீற்றர்த் தாங்கி என்றால் அரை லீற்றர். வீட்டிலுள்ள ஒவ்வொரு பைப்பையும் மணம் வரும்வரை திறந்து மூடிவிட்டு, குறைந்தது 8 மணித்தியாலம் அப்படியே விட வேண்டும். அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, முழுவதையும் வெளியேற்றி, புது நீரால் அலசிய பிறகே பாவிக்கலாம். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு வரும். ஒரே வாளியில் இரண்டையும் வைக்க வேண்டாம்.

கொதிக்கவைத்த பிறகு கெடுப்பது

கொதிக்கவைப்பதில் யாரும் பெரிதாகப் பிழை விடுவதில்லை, நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் போனால் போதும். பத்து நிமிடம் கொதித்தால் இன்னும் சுத்தம் என்று நினைப்பது காஸ் விலைக்குக் கேடு. பிழையெல்லாம் அதற்குப் பிறகுதான். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீர் கலப்பது, கொதித்த நீரை நேற்றைய பானையில் கழுவாமல் ஊற்றுவது, கை தோயச் செம்பால் அள்ளுவது. கொதித்த நீரில் குளோரீன் இல்லை, கை பட்டால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. மூடிய, பைப் வைத்த பாத்திரம் ஒன்று வாங்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உப்பு, நைத்திரேற்று, புளோரைட் எதுவும் கொதிப்பதால் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அவை செறிவுதான் ஆகும்.

வடிகட்டி விற்பவரின் மந்திரம்

வீட்டுக்கு வந்து இரண்டு கம்பிகளை உங்கள் கிளாசில் விட்டு மின்சாரம் கொடுப்பார். நீர் பழுப்பாகிச் சேறு திரளும். அவர் கொண்டுவந்த வடிகட்டி நீர் அப்படியே தெளிவாக இருக்கும். பார்க்கும் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்தச் சேறு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு இருக்கும் நீரில் மின்சாரம் பாய்வதால் கம்பி கரைகிறது, நுண்சவ்வு வழியே வடித்து உப்பை எடுத்துவிட்ட ஆர்.ஓ. நீரில் மின்சாரம் அனேகமாகப் பாயாததால் ஒன்றும் நடப்பதில்லை. இளநீரில் கம்பியை விட்டாலும் இதே காட்சிதான். அவர் காட்டும் டி.டி.எஸ். மீற்றரும் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைப் பற்றி ஒரு சொல் சொல்லாது.

வடிகட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குளோரீனை எடுத்துவிடும் கரி வடிகட்டியின் உள்ளே இருக்கும் கரி உருளையை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே பக்டீரியா வளர்க்கும் இடமாகிவிடும். மாற்றுச் செலவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்துக் கிணறுகளை, உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனத்தோடு செய்தது, ஆனால் அளவுக்கு மேல் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறி வந்தது. பல கிணறுகளைத் தேற்றியது அடுத்தடுத்த மாரி மழைதான். சாதாரண வெள்ளத்திலும், சுற்றிலும் நீர் நிற்கும்போதே கிணற்றை வெறுமையாக்க முனைந்தால் அழுக்கு நீர்தான் உள்ளே இழுபடும், மண்கட்டு இடிந்து விழவும் கூடும். நீர் வடிந்த பிறகு, எவ்வளவு குளோரீன் என்பதைப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுவது நல்லது.

குழாய்நீரில் சந்தேகம் வந்தால் முதலில் மீற்றருக்குப் பக்கத்துப் பைப்பில் ஒரு கிளாஸ், குசினிப் பைப்பில் ஒரு கிளாஸ் பிடித்து ஒப்பிடுங்கள். முதலாவது நன்றாக, இரண்டாவது மோசமாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். முதலாவதே மோசமென்றால் பக்கத்து வீட்டிலும் கேட்டுவிட்டு, சபையின் 1939 இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கு இலக்கத்தையும் கலங்கல் தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமானால் சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், அது போத்தலைப் பரிசோதிப்பதாகத்தான் முடியும். கிருமி நீக்கிய, குளோரீனை முறிக்கும் மருந்து இட்ட போத்தலைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்திலேயே முதலில் கேட்டு வாங்கி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும்.