ராம் காலியாக இல்லையே என்று பதறுகிறீர்களா?

பாம்பனில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்ட பழைய மெஷின், 4 ஜிபி ராம் (புரோகிராம்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்). ஒரு நாள் பார்த்தால் 'ஃப்ரீ' 180 எம்பிதான். பதறிப்போய், ராமில் நிற்கும் ஃபைல் நகல்களான கேஷை மணிக்கொரு தடவை துடைக்கும்படி, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன். அதன்பிறகு மணி அடித்தால் மெஷின் திணறும். அந்தக் கூத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஃப்ரீ என்று அடித்து, இடைவெளி விட்டு -ஹெச் சேருங்கள் (free -h). 'ஃப்ரீ' நெடுவரிசையை விடுங்கள், கடைசியில் 'அவைலபிள்' இருக்கிறதே, அதுதான் கணக்கு. அன்று எனக்கு அது 2.3 ஜிபி காட்டியது, நான்தான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் கடையில் நிவாரண விண்ணப்பம்தான். ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதனால் அதில் நாலு ஜெராக்ஸ் மேஜையிலேயே கிடக்கும், மூலப்பிரதி பீரோவில். மேஜையில் இடம் வேண்டுமா, ஜெராக்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாம். டிஸ்கில் படித்த ஃபைலை லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமில் வைத்திருப்பதும் இப்படித்தான். புரோகிராம் இடம் கேட்டால் அந்த நொடியே விட்டுக்கொடுக்கும்.

ஆனால் 'பஃப்/கேஷ்' முழுவதையும் காலி இடமாக எண்ணாதீர்கள். ராமையே டிஸ்க் போலப் பயன்படுத்தும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் உள்ள ஃபைலும் அதில்தான் சேரும். அதற்குப் பீரோவில் மூலப்பிரதி கிடையாது. இதையெல்லாம் கழித்துத்தான் 'அவைலபிள்' வருகிறது. 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே இதைக் கணக்குப் போட்டுத் தருகிறது.

உண்மையிலேயே ராம் போதவில்லையா என்று பார்க்க, விஎம்ஸ்டாட் 1 (vmstat 1) கொடுத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். முதல் வரி பழைய சராசரி, அதை விடுங்கள். ராமுக்கும் டிஸ்குக்கும் இடையே தரவு மாறுவதைக் காட்டும் எஸ்ஐ (si), எஸ்ஓ (so) இரண்டிலும் எண்கள் விடாமல் ஓடினால் பிரவுசர் டேப்களை மூடுங்கள். அப்புறமும் ஓடினால் ராம் வாங்க வேண்டியதுதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலும் 'அவைலபிள்' உண்டு.

ஃபைலைப் பென் டிரைவில் எழுதும்போதும் கேஷ்தான். மண்டபத்திலிருந்து வந்த ஓர் அண்ணன், "அதான் நூறு வந்துருச்சே தம்பி" என்று பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனார். கல்யாண போட்டோவில் பாதி திறக்கவில்லை. திரையில் காப்பி நூறு சதவீதம் என்று வந்தாலும் பாக்கி ராமில் காத்திருக்கலாம். டெர்மினலில் சிங்க் (sync) என்று அடித்து அது முடியும்வரை பொறுங்கள், அல்லது எஜெக்ட் கொடுங்கள். அதற்குப் பிறகே கழற்றுங்கள்.