உங்கள் தளத்தைப் பார்க்க வருகிற போன்களைப் புள்ளி வைத்துப் பார்ப்பது எப்படி?

காரைக்குடி வட்டாரத்தில் இப்போது பலரிடம் வெப்சைட் இருக்கிறது. கானாடுகாத்தானில் பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறவர்கள், கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள், சீப்புச் சீடையும் மனகோலமும் பார்சல் அனுப்புகிறவர்கள் என்று வரிசை நீளம். இவற்றைச் செய்து கொடுக்கிற நாம் லேப்டாப்பில் வடிவமைத்து, நம் போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு ஒப்படைத்துவிடுகிறோம். ஆனால் வாடிக்கையாளர் கையில் இருக்கிற போன் வேறு. அது எப்படிப்பட்டது என்று ஊகிக்க வேண்டியதில்லை, தளமே சொல்லும். அதை வரைந்து பார்க்கத் தெரிந்தால் போதும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு தங்கும் வீட்டின் தளத்துக்கு நான் செய்த முறையைத்தான் எழுதுகிறேன். எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று: போன் மாடல் பெயரைத் தேடிப் போகாதீர்கள். 2013-இல் ஓப்பன்சிக்னல் நிறுவனம் தன் செயலியை இறக்கிய ஆண்ட்ராய்டு கருவிகளை எண்ணி, 11,868 வகை என்று கட்டம் கட்டமாக வரைந்து காட்டியது. மலைப்பாக இருக்கும், ஆனால் அதை வைத்து ஒரு பக்கத்தையும் வடிவமைக்க முடியாது. அதோடு, 2023-இலிருந்து ஆண்ட்ராய்டு குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில் மாடல் பெயருக்குப் பதில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தைத்தான் தருகிறது. நமக்கு வேண்டியது பெயரல்ல, அந்தப் போனால் என்ன முடியும் என்பது.

படி 1: எதைச் சேகரிப்பது

நான்கு போதும். விண்டோவின் இன்னர்வித் (திரை அகலம்), டிவைஸ் பிக்சல் ரேஷியோ (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்தில் திரையின் நிஜப் பிக்சல் எத்தனை என்பது), நேவிகேட்டர் தருகிற டிவைஸ் மெமரி (ரேம், ஜிபியில்), கனெக்‌ஷனில் இருக்கிற எஃபெக்டிவ் டைப் (நெட் எவ்வளவு வேகம் என்பது). பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எதையும் இதோடு சேர்க்காதீர்கள். முன்பதிவுப் படிவத்தையும் இந்தத் தகவலையும் எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. நம்பி வந்தவரின் விவரம் அது.

படி 2: எங்கே அனுப்புவது

கூகுள் ஷீட்ஸ். தனி சர்வரோ டேட்டாபேஸோ தேவையில்லை. ஷீட்டிலிருந்தே ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து, வருகிற தகவலை ஒரு வரியாகச் சேர்க்கும் சின்ன ஃபங்ஷன் எழுதி, வெப் ஆப்பாக டிப்ளாய் செய்யுங்கள். அனுமதியில் ‘எனிஒன்’ இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து அனுப்ப, பின்னணியில் தகவல் அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனான சென்ட்பீக்கன் நல்லது, பக்கம் திறப்பதைத் தாமதப்படுத்தாது. வார நாளும் சனி ஞாயிறும் சேர்ந்து வருகிற மாதிரி கொஞ்ச நாள் ஓடவிடுங்கள்.

படி 3: வந்ததைச் சுத்தம் செய்வது

இங்கேதான் நிதானம் வேண்டும். படம் பொய் சொல்வதெல்லாம் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

அகலத்தில் 980 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். எல்லாப் போனும் 980 என்று வந்தால் உங்கள் பக்கத்தில், போனின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இல்லை என்று அர்த்தம். போன் தன்னை ஒரு கம்ப்யூட்டராகப் பாவித்துக்கொண்டு பக்கத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. டேக்கைச் சேர்த்துவிட்டு, பழைய வரிகளை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால், அவர் குரோமில் ‘டெஸ்க்டாப் சைட்’டை டிக் செய்து வைத்திருக்கலாம். அந்த வரிகளை மட்டும் தனியே ஒதுக்குங்கள்.

அடுத்தது பிக்சல். கடையில் 720 × 1600 என்று விற்கிற போனும் 1080 × 2400 என்று விற்கிற போனும் உங்கள் சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரே 360 அகலமாக இருக்கலாம். முதலாவதின் ரேஷியோ 2, இரண்டாவதின் ரேஷியோ 3. பக்க அமைப்பை முடிவு செய்ய 360-ஐப் பாருங்கள், படங்களின் அளவை முடிவு செய்ய ரேஷியோவைப் பாருங்கள். இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டால் எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியம். டிவைஸ் மெமரியையும் எஃபெக்டிவ் டைப்பையும் ஐபோனின் சஃபாரி சொல்வதே இல்லை. குரோம் வகை பிரவுசர்கள் மட்டும் சொல்லும், அதுவும் எச்டிடிபிஎஸ் இருந்தால்தான் மெமரி கிடைக்கும். ஐபோன் வரிகளில் அந்த இடம் காலியாக வரும். காலியை 0 என்று நிரப்பினால், படத்தில் ஐபோன்தான் ஊரிலேயே சக்தி குறைந்த போன் என்று தெரியும். காலியாகவே விட்டால் அந்தப் புள்ளிகள் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பார்க்கிற உறவுக்காரர்களில் ஐபோன் வைத்திருக்கிறவர்கள் மொத்தமாக மறைந்துவிடுவார்கள். அதனால் ‘தெரியாது’ என்று ஒரு தனி வகை வையுங்கள். அதற்குத் தனி நிறமும் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டிலும் மெமரி துல்லியமாக வராது. 2, 4, 8 என்று முழுமையாக்கித்தான் தரும், 8-க்கு மேல் சொல்லாது. நமக்கு அது போதும்.

படி 4: வரைவது

சராசரி எடுக்காதீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் 360 அகலப் போன், பாதிப் பேர் 1366 அகல லேப்டாப் என்றால் சராசரி 863. அந்த அகலத்தில் ஒரு திரையும் இல்லை. வட்ட வரைபடமும் வேண்டாம், பக்கத்துப் பக்கத்து அகலங்கள் அதில் சிதறிப் போகும்.

முதலில் 10 பிக்சலுக்கு ஒரு தூண் என்று அகலத்துக்கு ஹிஸ்டோகிராம் போடுங்கள். 360-இல் ஒரு உயரத் தூண், 390 பக்கம் ஐபோன்கள், 412-இல் இன்னொரு கூட்டம் என்று அநேகமாகத் தெரியும். கூட்டங்களுக்கு நடுவே காலியாகக் கிடக்கிற பள்ளங்களைப் பாருங்கள். பிரேக்பாயிண்ட், அதாவது பக்க அமைப்பு மாறுகிற அகலம், வைக்க வேண்டிய இடம் அதுதான். ஏதோ ஒரு ஃபிரேம்வொர்க் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட இது நேர்மையானது.

அப்புறம் புள்ளி வரைபடம். கிடை அச்சில் அகலம், நெடு அச்சில் மெமரி, ஒரு வருகைக்கு ஒரு புள்ளி, புள்ளியின் நிறம் எஃபெக்டிவ் டைப்பைப் பொறுத்து. அப்படியே போட்டால் நூறு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு எண்ணோடும் ரேண்ட் ஃபங்ஷனால் ஒரு சின்னத் தற்செயல் எண்ணைக் கூட்டிப் பரப்புங்கள். ஷீட்டில் எதைத் தொட்டாலும் ரேண்ட் மறுபடி கணக்கிட்டுப் புள்ளிகள் குதிக்கும், ஆகவே நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். நிறம் பிரிக்கவும் புள்ளியை மங்கலாக்கவும் டேட்டாராப்பர் என்ற இணையக் கருவி எனக்குப் பிடித்தது. தரவை வெளியே ஏற்ற மனமில்லை என்றால் ரா கிராஃப்ஸ், அது பிரவுசருக்குள்ளேயே வரையும். வரைபடம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான டி3 கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த வேலைக்கு அது அதிகம்.

படி 5: படத்தைப் பார்த்து முடிவெடுப்பது

கீழே 2 ஜிபி வரிசையில் புள்ளிகள் அடர்த்தியாக இருந்தால் உடனே கேலரியைத் திறந்து பாருங்கள். முகப்பு, வளவு, தூண், தரை என்று கேமராவிலிருந்து வந்த 4000 × 3000 படங்களை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஃபைல் 3 எம்பி இருக்கலாம், ஆனால் திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிறது. அதே படம் 1080 × 810 என்றால் 3.5 எம்பிதான். 360 அகலம், ரேஷியோ 3 உள்ள போனுக்கு 1080 தாராளம். ஒரே படத்தைப் பல அளவில் தரும் சோர்ஸ்செட்டில் 720, 1080 இரண்டும் கொடுத்து, பக்கத்தை உருட்டினால்தான் தெரிகிற படங்களுக்கு, அவை திரையை நெருங்கும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங் போடுங்கள்.

நெட்வொர்க் நிறத்தையும் விடாதீர்கள். எஃபெக்டிவ் டைப் டவர் பெயரைச் சொல்வதில்லை, அந்த நேரத்து வேகத்தைச் சொல்கிறது. 5ஜி போனும் 4ஜி என்றே வரும், வைஃபை மெதுவானால் 3ஜி என்று வரும். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவருக்குள் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரம் பார்க்கிற விருந்தினரும் இதில் ஒரு புள்ளி. அவருக்கு வேண்டிய நேரம், வழி, போன் நம்பர் எல்லாம் படத்துக்குள் எழுத்தாக இல்லாமல் டெக்ஸ்டாகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகும் பழையபடியே ஓடுகிறது என்று பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சேவ் செய்தால் மட்டும் போதாது. ‘மேனேஜ் டிப்ளாய்மென்ட்ஸ்’ போய், பென்சில் குறியை அழுத்தி, வெர்ஷனில் ‘நியூ வெர்ஷன்’ தேர்ந்தெடுத்து டிப்ளாய் கொடுங்கள், முகவரி மாறாது. புதிதாக இன்னொரு டிப்ளாய்மென்ட் போட்டால் முகவரி மாறிவிடும், அப்போது தளத்திலும் மாற்ற வேண்டிவரும்.