வாய்க்காலுக்குப் பனைமரப் பாலம் போடுவது எப்படி

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயருக்கும் வெர்மான்டுக்கும் நடுவே, கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866-இல் கட்டிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. நீளம் கிட்டத்தட்ட 450 அடி, மேலே வீடு மாதிரி கூரை, இன்றைக்கும் கார் போகிறது. ஆள் நனையாமல் போகத்தான் கூரை என்று நினைத்திருந்தேன், மரம் நனையாமல் இருக்கத்தானாம். நம் வாய்க்காலில் கூரை போட்டால் ஐப்பசிக் காற்றுக்குக் கீற்று பக்கத்து வயலில் கிடக்கும். சரி, கூரை இல்லாமல் மரத்தைக் காய வைப்பது எப்படி?

கஜா புயலில் (2018) விழுந்த தென்னைகளை உருட்டிப்போட்டு நாங்களும் ஒரு பாலம் போட்டோம். வழுக்காமல் இருக்க மேலே வைக்கோலும் மண்ணும் கொட்டினோம், அதுதான் தப்பு. மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. மூன்றாம் வருஷம் சித்தப்பா பால் கேனோடு முழங்கால்வரை உள்ளே போனார்.

முதிர்ந்த பனைதான் நல்லது, அதன் வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் பஞ்சு. வெட்டுவதற்கு இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால், காற்றில் சாய்ந்த மரம் கிடைக்குமா என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடப்பாரையால் தட்டிப் பாருங்கள், 'தொப்'பென்று கேட்டால் வேண்டாம்.

மேட்டூர் ஜூன் 12 வாக்கில் திறப்பார்கள், அதற்குள், சித்திரை வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியரான லஸ்கரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாய்க்கால் நம்முடையது இல்லையே.

12 அடி வாய்க்காலுக்கு 18 அடி மரம், கரைக்கு மூன்று அடி உட்காரும். மரம் முதலில் இற்றுப்போவது மண்ணைத் தொடும் இடத்தில்தான். கரையைக் கொஞ்சம் வெட்டி, கருங்கல்லோ செங்கல் கட்டோ வைத்து, அதன் மேல்தான் மரத்தை இறக்க வேண்டும், முனையைச் சுற்றி மண் போட்டு மூடவே கூடாது. வெட்டுமுகத்தில் தார் பூசுங்கள். மூன்று மரம் போதும். ஒன்றின் அடிப்பக்கம் இந்தக் கரையில் என்றால் அடுத்ததன் அடிப்பக்கம் அந்தக் கரையில், அப்போதுதான் அகலம் ஒரே மாதிரி வரும். நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், மழைத்தண்ணீர் கீழே போய்விடும். வழுக்காமல் இருக்க மண்ணுக்குப் பதில் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே அடித்தால் போதும். ஒரு பக்கமாவது மூங்கில் கைப்பிடி வேண்டும்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கரையில் போன வருஷ வெள்ளத்தின் கறை தெரியும், அதற்கு மேல் இரண்டடி. தாழ்வாகப் போட்டால் கார்த்திகையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்து, பாலத்தையே தூக்கிக்கொண்டு போகும்.

அப்புறம், எக்ஸெல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இறங்கி உருட்டுங்கள். அந்த அமெரிக்கப் பாலத்தின் வாசலிலேயே பலகை இருக்கிறது: குதிரையை நடத்திப் போ, இல்லையேல் 2 டாலர் அபராதம்.