கார் கவர் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

இரண்டு ஆண்டுகள், ஏறக்குறைய ஒரு நாள்கூடத் தவறாமல், என் கருநீலக் காருக்குக் கவர் போட்டேன். மாலையில் வந்து நிறுத்தியதும் போர்த்துவேன். காலையில் உருவி, பந்தாகச் சுருட்டி, டிக்கியில் திணித்துக்கொண்டு கிளம்புவேன். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய காரின் மேல் காக்கை எச்சம் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்து நானும் மனத்துக்குள் சிரித்துக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் பாலீஷ் போடக் காரை விட்டேன். வேலை செய்பவர் கையில் சிறு டார்ச் விளக்குடன் பானட்டின் மேல் குனிந்தார்.

"சார், தினமும் கவர் போடுவீர்களா?"

"ஆமாம், ஒரு நாள்கூட விட்டதில்லை" என்றேன் பெருமையாக.

"தெரிகிறது" என்றார்.

விளக்கு பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்கீறல்கள். பானட்டின் நுனியிலும், கூரையின் ஓரங்களிலும், பக்கக் கண்ணாடிகளின் முனையிலும்தான் அதிகம். அதாவது, துணி இழுபடும் இடங்களில். நான் சிரித்த அந்தக் காக்கை எச்சக் காரில்கூட இவ்வளவு இருக்காது.

எங்கள் வீட்டில் இன்னொரு காரும் உண்டு. அப்பாவின் பழைய கார். மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வெளியே போகும். அதற்கும் அதே வகைக் கவர்தான், நிற்பதும் அதே வெயிலில்தான். அதன் பெயின்ட் இன்றும் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. அதனால் கவர் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் பதில் சொல்வதில்லை. அதை எத்தனை முறை போட்டுக் கழற்றுவீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

என் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், போட ஒன்று, கழற்ற ஒன்றாக இரண்டு ஆண்டுகளில் 1,200 முறை அந்தத் துணி காரின் மேல் உரசியிருக்கிறது. அப்பாவின் காருக்கு அதே காலத்தில் நூறைக்கூடத் தொட்டிருக்காது. அதோடு, அவர் காரைக் கழுவித் துடைக்காமல் போர்த்தவே விடமாட்டார். நானோ சாலைத் தூசியோடு வந்து அப்படியே போர்த்தினேன்.

கீறுவது துணி அல்ல, தூசி

காரின் உலோகத்தின் மேல் முதலில் அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒரு பூச்சு. இதைத்தான் கிளியர் கோட் என்கிறார்கள். பளபளப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது. இதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றைவிட மெல்லியது. தெருத் தூசியிலோ மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள்கள் கலந்திருக்கும். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல் தூசிப் படலம், அதன் மேல் துணி, துணியை இழுக்க இரண்டு கைகள். உப்புத்தாளால் தேய்ப்பதற்கு வேறென்ன வேண்டும்? கவரின் உள்பக்கம் பஞ்சு போல மென்மையாக இருக்கிறது என்று கடைக்காரர் தடவிக் காட்டுவார். பஞ்சு மெத்தையில் மணல் கொட்டினால் மணல் மெத்தையாகிவிடுமா?

உங்கள் காரில் ஏற்கெனவே எவ்வளவு கீறல் இருக்கிறது என்று பார்க்க எவரிடமும் போக வேண்டியதில்லை. இரவில், கழுவிய பானட்டின் மேல் கைபேசி டார்ச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அவைதாம். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் இவை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. கறுப்பு, கருநீலம் வைத்திருப்பவர்கள் பாவம்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

கவர் செய்யும் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயின்டின் முதல் எதிரி வெயில். கிளியர் கோட்டுக்குள் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஆண்டுகள் போகப்போக அவை தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு பூச்சு வெளுத்து, தோலுரிந்ததுபோலச் செதில் செதிலாக வரும். கூரையும் பானட்டும்தான் முதலில் போகும், வானத்தைப் பார்த்துக் கிடப்பவை அவைதாமே. முன்விளக்குகளின் மேல்மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது மஞ்சளாவதும் இதே கதிரால்தான். டாஷ்போர்டு வெளுத்து விரிசல் விடுவதும் வெயிலின் வேலைதான். நாட்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் காருக்கு இவை மூன்றிலிருந்தும் கவர் நல்ல பாதுகாப்பு.

பறவை எச்சத்தையும் சொல்ல வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அடர்நிறக் காரின் உலோகத் தகடு கடும் வெயிலில் 70 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் பூச்சு இளகி விரிந்திருக்கும்போது எச்சம் காய்ந்து ஒட்டுகிறது. ஆறும்போது பூச்சு அதைச் சுற்றி இறுகுகிறது. கழுவிய பிறகும் தடம் போகாமல் இருப்பது இதனால்தான். மரப்பிசினும் இதைப்போன்ற தொல்லைதான். பறவைகள் அடையும் மரத்தடியைத் தவிர வேறு இடமே கிடைக்காதவர்களுக்குக் கவர் தேவைதான்.

உதவாதவை: விழும் கிளை, கல் தெறிப்பது, அடித்தட்டின் துரு. பேட்டரி இறங்குவதையும், ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாவதையும் எந்தத் துணியும் தடுக்காது. எலித் தொல்லையோ கூடவே செய்யும். அசையாத கார், இருட்டு, மழை படாத இடம் என்றால் எலிக்கு அதைவிட நல்ல வீடு எது? அப்பாவின் காரில் ஒருமுறை வயரைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

யார் வாங்கலாம்

தினமும் ஓடும் கார், வெளியே நிறுத்துகிறீர்கள், தினமும் கழுவ நேரமில்லை: வாங்காதீர்கள். நிழல் தேடுங்கள். முன்கண்ணாடிக்கு உள்ளே வைக்கும் பிரதிபலிப்புத் தட்டி ஒன்று டாஷ்போர்டைக் காப்பாற்றிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகுப் பூச்சு போடுங்கள். எச்சம் விழுந்தால் அன்றே ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இவ்வளவும் சேர்ந்து என் 600 போர்த்தல்களைவிட அதிகம் சாதித்திருக்கும்.

வாரக்கணக்கில் நிற்கும் கார், நீண்ட பயணம் போகும்போது விட்டுச் செல்லும் கார், வீட்டின் இரண்டாவது கார் ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். மூடிய கொட்டகைக்குள் நிற்பதென்றால் தூசி படாமல் இருக்க மெல்லிய பருத்தித் துணிக் கவரே போதும்.

ஒரு விதிவிலக்கு: புதிதாகப் பெயின்ட் அடித்த காருக்குக் குறைந்தது ஒரு மாதம் கவர் கூடாது. பூச்சில் மிஞ்சியிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும். பெயின்ட் அடித்தவர் கூடுதல் நாள் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

துணியைச் சோதிப்பது

'முழுக்க நீர் புகாதது' என்று அட்டையில் எழுதியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் காருக்கு அப்படி ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டேன். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கதவு ரப்பர்களில் பூஞ்சை, சீட் பெல்ட்டில் முக்கல் நாற்றம், கூரையில் பால் சிந்தியதுபோல வெண்திட்டுகள். கல் பட்டுப் பெயின்ட் போன ஓர் இடத்தில் துருவும் தொடங்கியிருந்தது. அந்தக் கவரை மறுநாளே விறகு மூடப் பயன்படுத்திக்கொண்டோம்.

மழை நீர் உள்ளே போகக் கூடாது, ஆவி வெளியே வர வேண்டும். இரண்டையும் செய்யும் துணிதான் வேண்டும். பல அடுக்கு நெய்யாத பாலிபுரொப்பிலீன் துணிகள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளரில் சுடுநீர் ஊற்றி, அதன் வாயைக் கவர்த் துணியால் மூடுங்கள். துணியின் மேல் இன்னொரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடங்களில் மேல் டம்ளரின் உள்ளே பனி படிந்தால் துணி மூச்சு விடுகிறது. படியவில்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக் தாள்தான். அடுத்து, துணியைக் குழியாகப் பிடித்து அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். அடியில் சொட்டினால் மழைக்கு ஆகாது.

190 டி என்பதுபோன்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்குமாக மொத்தம் எத்தனை இழைகள் என்பதைத்தான் அது சொல்கிறது. நீர் புகுமா, ஆவி வெளியேறுமா என்பதை மேலே பூசியிருக்கும் பூச்சுதான் முடிவு செய்யும்.

அளவு துணியைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். தொளதொளவென்று இருக்கும் கவர் காற்றில் படபடக்கும். நீங்கள் தூங்கும்போதும் உரசல் நடந்துகொண்டே இருக்கும். உங்கள் காரின் வடிவத்துக்கே தைத்தது, பக்கக் கண்ணாடிகளுக்குத் தனிப் பை உள்ளது, விளிம்பு முழுவதும் எலாஸ்டிக் உள்ளது, வயிற்றுக்கு அடியில் மாட்டும் பட்டை உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். பட்டையின் கொக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அடிக்கடி புயல் போலக் காற்று வீசும் திறந்த வெளியென்றால் எந்தக் கவரும் வேண்டாம்.

போடுவதும் கழற்றுவதும்

கார் கழுவி, துடைத்து, காய்ந்திருக்க வேண்டும். கதவு இடுக்கிலும் பக்கக் கண்ணாடியின் கீழும் தங்கும் நீரைக்கூட ஒற்றி எடுத்துவிடுங்கள். என்ஜினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும். என் கவரின் பின்விளிம்பில் நாணயம் அளவுக்கு ஓர் உருகிய ஓட்டை இருக்கிறது. ஓடி வந்த காரை உடனே போர்த்தியதன் அடையாளம் அது.

கழற்றும் முறையை முதலில் கற்றுக்கொண்டால் போடும் முறை தானே வந்துவிடும். பட்டையை அவிழ்த்து, இடப்பக்கத் தொங்கலைத் தூக்கிக் கூரையின் மேல் போடுங்கள். வலப்பக்கத்தையும் அப்படியே. இப்போது கவரின் வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடு ஒட்டி, அதிலிருக்கும் தூசி நடுவில் அடைபட்டுவிட்டது. காரைத் தொடும் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பிறகு முன்னாலிருந்து நடுவுக்கும், பின்னாலிருந்து நடுவுக்கும் பாய்போலச் சுருட்டி, மேலாகத் தூக்கி எடுங்கள். இழுக்காதீர்கள். நான் இரண்டு ஆண்டுகள் ஒரு மூலையைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தேன், வெளித்தூசி முழுவதும் உள்பக்கம் ஒட்டும்படி.

போடும்போது அந்தச் சுருளைக் கூரை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் விரித்து, கடைசியில் பக்கங்களை இறக்குங்கள். இருவர் செய்தால் இரண்டு நிமிட வேலை.

நீண்ட நாள் நிற்கும் காரானாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமில்லாத நாளில், கவரை எடுத்துக் காற்றாட விடுங்கள். மாதம் ஒருமுறை கவரையும் துவைக்க வேண்டும். மிதமான சோப்பு போதும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் துணியின் நுண்துளைகள் அடைபடும். நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். நெய்யாத துணி வெயிலில் நாளடைவில் நொறுங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் காகிதம்போலக் கிழிகிறதென்றால், அல்லது உள்பூச்சு பொடியாக உதிர்ந்து காரின் மேல் ஒட்டுகிறதென்றால், அதன் காலம் முடிந்தது.

என் கருநீலக் காரை அந்த மனிதர் பாலீஷ் போட்டுச் சரிசெய்துவிட்டார். பாலீஷ் என்பதே மேல்பூச்சைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான் என்பதால், மீண்டும் இப்படிக் கொண்டுவந்தால் சீவுவதற்கு அதிகம் மிஞ்சாது என்று எச்சரித்தார். அதன் கவர் இப்போது பரணில் இருக்கிறது. பத்து நாளுக்கு மேல் வெளியூர் போனால் மட்டும் இறங்கும். அப்பா அதன் முன்விளிம்பின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு சிறு தையல் போட்டு வைத்திருக்கிறார், முன்பின் தெரியாமல் காரின் மேலேயே கவரைத் திருப்பித் திருப்பி இழுக்காமல் இருக்க.