எக்ஸ்போஸ்: நான் நெல்லை அம்பலப்படுத்திய கதை

மன்னார்குடியில் விதைக்கடை வைத்திருக்கும் நண்பருக்காக ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கினேன். அதில் நெல்லை வெயிலுக்கு 'எக்ஸ்போஸ்' (expose என்ற ஆங்கிலச் சொல்) செய்யச் சொல்லும் ஒரு வரி. நான் எழுதியது: 'நெல்லை வெயிலுக்கு அம்பலப்படுத்தவும்.' கடைக்கு வந்த பெரியவர் வாசித்துவிட்டு, "நெல்லு என்ன தம்பி திருடிச்சு?" என்றார். அதற்கப்புறம் இந்தச் சொல் வந்தால் நான் இப்படித்தான் போகிறேன்.

படி 1. வெளியே வருவது ஊழலா, பொய்யா, கள்ளக்கணக்கா? அப்படியென்றால் அம்பலப்படுத்து சரி. லத்தீன் மூலத்துக்கு 'வெளியே வை' என்று பொருள். அம்பலம் என்றாலும் ஊர் கூடும் பொதுவிடம். பேச்சுவழக்கில் 'குட்டை உடைத்தான்' இன்னும் பொருந்தும்.

படி 2. நான் விழுந்த இடம். ஆங்கில வாக்கியத்தில் சொல்லுக்குப் பின்னால் 'டு' (to) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அங்கே ரகசியமே இல்லை. ஒன்றின் மேல் வெயிலோ புகையோ குளிரோ படுகிறது, அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தால் 'காட்டு': அப்பளத்தைத் தணலில் காட்டுகிறோம், குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். தானாக நேர்ந்தால் 'படு': ஈரம் படாமல் வை, வெயில் படுகிற இடம். நெல்லுக்கு இதெல்லாம்கூட வேண்டாம், 'காயவை' போதும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டித் திரும்பி வந்தவருக்கு அந்த ஒரு சொல்லே எல்லாம் சொல்லிவிடும்.

இதே 'டு' நோய்ச் செய்தியில் வந்தால் கூடுதல் கவனம். அம்மை கண்டவருக்கு எக்ஸ்போஸ் ஆனவர் என்றால் அம்மை வந்தவர் என்று பொருளில்லை. நோயாளியின் அருகில் இருந்தவர், தொற்ற வாய்ப்புள்ளவர். 'நோய்க்கு ஆளானவர்' என்று எழுதினால் ஆரோக்கியமாக இருப்பவரைப் படுக்கையில் தள்ளிவிடுவீர்கள்.

படி 3. 'எக்ஸ்போஸ்டு' என்று வந்தால் 'செய்யப்பட்ட' என்று இழுக்காதீர்கள். பூசாத செங்கல் சுவர், உறை கிழிந்த கம்பி, கோடையில் ஆற்றில் தெரிகிற மணல்திட்டு. முடிந்தது.

கருவி? மொழிபெயர்ப்புச் செயலி எனக்கு ஆகாது. எனக்கு அம்பலத்தைக் கொடுத்ததே அதுதான். எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் மாணவர் அகராதி ஒன்றும் 40 பக்க நோட்டு ஒன்றும் போதும். பொருளுக்கு மூன்று வாக்கியம் எழுதி, வீட்டில் யாரிடமாவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகமே சொல்லிவிடும்.

பின்சேர்க்கை: கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "எங்க தொழிலை விட்டுட்டீங்களே" என்று கேட்டிருந்தார். நியாயம்தான். கேமராவில் அது ஒளி விழும் அளவு: துளையின் அகலம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். கூடிப்போனால் ஓவர் எக்ஸ்போஸ். அதற்கு நான் 'மிகை ஒளிப்பாடு' என்று ஒன்றைச் செய்து அனுப்பினேன். அவர் பதில்: "நாங்க 'படம் வெளுத்துப்போச்சு'ன்னுதான் சொல்வோம் சார்." நோட்டில் அதையே எழுதிக்கொண்டேன்.