பாசியின் நீலம் எங்கே போகிறது? ஸ்பைருலினாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பைருலினா என்ற நுண்பாசியிலிருந்து பைகோசயனின் என்ற நீலப் புரதத்தைப் பிரித்தெடுப்பவர்கள், விளைச்சல் குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது பிரித்தெடுத்த முறையைத்தான். கரைப்பானை மாற்றுவார்கள், ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுவார்கள். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வெக்கையில் அதற்கு முன்பே சேதம் நடந்துவிடலாம். பாசியை வடிதுணியிலிருந்து வழித்தெடுத்த முதல் சில மணித்தியாலங்களைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

வடித்தெடுத்த விழுதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். பக்டீரியாவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு வேறில்லை. 30 பாகை செல்சியஸைத் தாண்டும் மதியத்தில் அதை வாளியில் மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகவே கூடாது. துணியிலிருந்து சொட்டும் நீரைக் கொஞ்சம் வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். அதில் நீலம் ஊறியிருந்தால் கலங்கள் உடைந்துவிட்டன, நீங்கள் தேடும் பொருளே வடிந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விழுதை முறுக்கிப் பிழிந்தாலும் இப்படி ஆகும், நேரம் கடத்தினாலும் ஆகும். அதிகாலையில் அறுவடை செய்து, மெதுவாக அழுத்தி நீரை வடித்து, உடனே உலர்த்துங்கள் அல்லது உறைய வையுங்கள். இரண்டுக்கும் வசதியில்லாத நாளில் பாசி தொட்டியிலேயே உயிரோடு இருக்கட்டும்.

உலர்த்துவதில் நடக்கும் தவறு, தட்டில் தடிப்பாகப் பரப்பி நேர் வெயிலில் வைப்பது. மேல்தோல் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நின்று புளிக்கும். வெயில் பட்ட பக்கத்தில் செம்மஞ்சள் நிறமியான கரோட்டினும் பச்சையமும் சிதையும். இடியப்ப உரலில் பிழிந்து மெல்லிய இழைகளாக வலைத்தட்டில் விடுங்கள். காற்று எல்லாப் பக்கமும் போகும், நேரம் வெகுவாகக் குறையும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே நன்றாகக் காயும், தூசி படாமல் மெல்லிய துணியால் மூடினால் போதும். மாரியில் அந்த முறை சரிவராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும், அப்போது மின் உலர்த்தியை நம்புவதே நல்லது. சரியாகக் காய்ந்த இழை கையில் ஒடித்தால் சட்டென்று முறியும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம் கரைப்பான். பைகோசயனின் நீரில் கரையும், கரோட்டினும், வேறு சில பாசிகளில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமியும் நீரில் கரையாது. நீலத்துக்கு எதனோலை ஊற்றினால் புரதம் திரிந்து வீழ்படிவாகிவிடும். கரோட்டினுக்குத் தண்ணீரை ஊற்றினால் ஒன்றும் வராது. வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் மாணவர்கள், எந்தச் சேர்மம் வேண்டும் என்று தீர்மானித்த பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். பைகோசயனினுக்கு நடுநிலையை ஒட்டிய பொஸ்பேட் தாங்கல் கரைசல் (அமிலத்தன்மையை அதிகம் மாறவிடாத கரைசல்) பொருத்தம். அதைக் கிணற்று நீரில் கரைக்காதீர்கள். கல்சியம் அதிகமுள்ள நீரில் பொஸ்பேட் வெண்மையாகப் படியும். கரைசல் 45 பாகையைத் தாண்டினால் நீலம் மங்கத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு போன்ற கடும் புளிப்பும் அதைக் கெடுக்கும்.

கலத்தை உடைப்பதிலும் எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. ஸ்பைருலினாவுக்குச் செலுலோசுச் சுவர் இல்லை. உறையவைத்து உருக்குவதைச் சில தடவை செய்தாலே நீலம் வெளியே வரும். ஆனால் உருக்குவதை வெயிலில் செய்யாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் செய்யுங்கள். குளோரெல்லாவின் சுவர் கெட்டியானது, மணிகளோடு அரைக்காமல் சுலபத்தில் திறக்காது. உப்பளங்களில் வாழும் டுனாலியெல்லாவுக்கோ சுவரே இல்லை. உப்பைக் கழுவுகிறேன் என்று நன்னீர் ஊற்றினால் அந்த நிமிடமே வெடித்துக் கரோட்டினோடு ஓடிவிடும்.

நிறம் கடும் நீலமாக இருப்பதை வைத்துச் சுத்தம் என்று முடிவெடுக்காதீர்கள். பைகோசயனினுக்குரிய 620 நானோமீற்றர் அலைநீளத்தில் வரும் ஒளி உறிஞ்சலை, புரதங்கள் பொதுவாக உறிஞ்சும் 280இல் வருவதால் வகுத்துப் பாருங்கள். உணவுத் தரத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 0.7 இருக்க வேண்டும். கலங்கிய மாதிரியை அளக்காதீர்கள், முதலில் மையநீக்கியில் வேகமாகச் சுழற்றித் தெளிய வையுங்கள்.

சேமிப்பில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு உண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்த தூள் போத்தலை உடனே திறந்தால், குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் படிந்து அது கட்டிபடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியபடியே வைத்திருங்கள். சிறு சிறு கருநிறப் போத்தல்களில், காற்றிடம் இல்லாமல் நிரப்பினால் ஒளியும் ஒட்சிசனும் குறைவாகவே தீண்டும், மின்சாரம் போனாலும் முழுச் சரக்கும் ஒன்றாகக் கெடாது. நீலக் கரைசலைச் சீனி அதிகம் சேர்த்த பாகாக வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆய்வுகூடங்களில் கரைசல் கெடாமலிருக்கப் போடும் சோடியம் ஏசைட் கொடிய நஞ்சு, சாப்பிடப்போகும் எதிலும் அதைச் சேர்க்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலாக, வாவியிலோ குளத்திலோ பச்சையாகப் படரும் பாசியை அள்ளி வந்து “இதுவும் ஸ்பைருலினா மாதிரித்தானே” என்று காய்ச்சிக் குடிக்க நினைக்காதீர்கள். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப் பாசி இருந்தால் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சும் இருக்கலாம், அது கொதிக்க வைத்தாலும் அழியாது. வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறியவும் முடியாது. தாய் வித்தை நம்பகமான இடத்தில் வாங்கி, நுணுக்குக்காட்டியில் அதன் சுருள் இழைகளைப் பார்த்து உறுதி செய்த பிறகே தொட்டியில் விடுங்கள்.