பிள்ளையோட முதல் பாவசங்கீர்த்தனம்: வீட்ல எப்படி தயார் பண்றது

புதுநன்மைக்கு, அதாவது பிள்ளை முதல் தடவையா நற்கருணை வாங்குற நாளுக்கு, வெள்ளை டிரெஸ், கிரீடம், மெழுகுவத்தி, யார் யாரை சாப்பிடக் கூப்பிடணும்னு எல்லாம் மாசக்கணக்கா பேசுறோம், ஆனா அதுக்கு முன்னாடி வர்ற முதல் பாவசங்கீர்த்தனத்தை (பாவத்தை குருகிட்ட சொல்லி மன்னிப்பு வாங்குறது) மட்டும் கேட்டகிசம் (மறைக்கல்வி) டீச்சர் பாத்துப்பாங்கன்னு விட்டுடுறோம். திருச்சபைச் சட்டம் 914-வது இலக்கத்துல பிள்ளையை தயார் பண்ற பொறுப்புக்கு முதல்ல பெத்தவங்களைத்தான் சொல்லுது, பாவசங்கீர்த்தனம் முடிஞ்சுதான் புதுநன்மைன்னும் அதுலயே இருக்கு. 1910-ல பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சுமார் 7 வயசுல, நல்லது கெட்டது புரிய ஆரம்பிக்கிறப்பவே பிள்ளைங்க இதுக்கு வரலாம்னு சொன்னார். சிங்கப்பூர்ல எந்த வகுப்புல வைப்பாங்கன்றது பாரிஷுக்கு பாரிஷ் மாறும், உங்க கேட்டகிசம் டீச்சர்கிட்ட கேட்டுக்கோங்க.

முதல்ல நிறுத்த வேண்டியது ஒண்ணு இருக்கு. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்", "இரு இரு, இதை ஃபாதர்கிட்ட போய் சொல்லு" இந்த மாதிரி பேச்சு. இதைக் கேட்டே வளர்ற பிள்ளைக்கு பாவசங்கீர்த்தனம்னா டிசிப்ளின் மாஸ்டர் ரூமுக்கு போற மாதிரிதான் இருக்கும், பயந்துகிட்டே போகும், பயத்துல பாதியை மறைக்கும். அதனால வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லூக்கா 15-ல வர்ற ஊதாரி மகன் கதையை ராத்திரி படுக்கையில உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க. மகன் தூரத்துல வர்றப்பவே அப்பா ஓடிப்போய் கட்டிப்பிடிக்கிறார், மகன் வழியெல்லாம் யோசிச்சு வெச்ச பேச்சை முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள புது டிரெஸ் கொண்டாங்க, மோதிரம் போடுங்கன்னு சொல்லிடுறார். அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி "வார்த்தை மறந்து போச்சுன்னா கூட கடவுள் ஏத்துக்குவாரு"ன்னு சொல்லுங்க, ஏன்னா நிறைய பிள்ளைங்களோட பெரிய பயமே செபம் மறந்துடுமோன்றதுதான்.

அடுத்தது ஆத்தும சோதனை, அதாவது என்ன தப்பு பண்ணோம்னு யோசிச்சுப் பாக்குறது, இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும். 10 கட்டளையை அப்படியே மனப்பாடமா கேட்டா பிள்ளைக்கு ஒண்ணும் தோணாது, நம்ம வீட்டு வாழ்க்கையில வெச்சு கேளுங்க. ஹோம்வொர்க் முடிக்காமலே முடிச்சிட்டேன்னு சொன்னியா, டெஸ்ட்ல பக்கத்துல பாத்து எழுதினியா, ஃப்ரெண்டோட பொருளை எடுத்துட்டு வந்து திருப்பிக் குடுக்காம வெச்சிருக்கியா, வாய்ட் டெக்ல (பிளாக்குக்கு கீழ இருக்க திறந்த இடம்) விளையாடுறப்ப யாரையாவது வேணும்னே சேத்துக்காம விட்டியா, யாரோட நிறத்தையோ உடம்பையோ சொல்லி கேலி பண்ணினியா, பூசை நேரத்துல பக்கத்துல இருக்கவங்களை தொந்தரவு பண்ணினியா. வீட்ல ஹெல்ப்பர் இருந்தா அவங்ககிட்ட எப்படி பேசுறேன்னு கண்டிப்பா கேளுங்க, இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், பெரியவங்க மரியாதை இல்லாம பேசுறதை பாத்துத்தான் பிள்ளைங்களும் பேசுது. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேக்காதீங்க, தினம் தூங்குறதுக்கு முன்னாடி "இன்னைக்கு எதுக்கு கடவுளுக்கு நன்றி சொல்லலாம், எதுக்கு சாரி சொல்லலாம்"னு 5 நிமிஷம் போதும், பதிலை நம்மகிட்ட சொல்லணும்னு கூட அவசியம் இல்ல, மனசுக்குள்ள சொன்னா சரி.

இதோட சேத்து எது பாவம் இல்லன்னும் சொல்லித்தரணும். கை தவறி கிளாஸ் உடைஞ்சது பாவம் இல்ல, எக்ஸாம்ல மார்க் குறைஞ்சது பாவம் இல்ல, கோவம் வந்தது பாவம் இல்ல, கோவத்துல தங்கச்சியை வேணும்னே அடிச்சதுதான் தப்பு. சில பிள்ளைங்க எல்லாத்துக்கும் தன்னையே குத்தம் சொல்லிக்கும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு சாவான பாவம் (கடவுளோட உறவையே முறிக்கிற பாவம்)னா பெரிய விஷயமா இருக்கணும், தெரிஞ்சு செஞ்சிருக்கணும், முழு மனசோட செஞ்சிருக்கணும், மூணும் சேந்தாத்தான்னு பொறுமையா விளக்குங்க. வேற யாராவது பெரியவங்களோ பெரிய பசங்களோ அதுங்களை தப்பான எதையாவது செய்ய வெச்சிருந்தா அது பிள்ளையோட பாவமே கிடையாது, அதை நம்மகிட்ட சொல்லணும், இதை ரெண்டு மூணு தடவை சொல்லுங்க. இன்னொண்ணு, நம்ம பாவத்தைத்தான் சொல்லணும், அண்ணன் பண்ணதை இல்ல!

நம்ம பாட்டி காலத்துல இருந்து சொல்ற 5 காரியம் இன்னைக்கும் அதேதான்: பாவத்தை நினைச்சுப் பாக்கணும், அதுக்காக வருத்தப்படணும், இனி செய்ய மாட்டேன்னு தீர்மானிக்கணும், குருகிட்ட சொல்லணும், அவர் குடுக்கிற பரிகாரத்தை செய்யணும். பிள்ளைங்க நடுவுல இருக்க தீர்மானத்தைத்தான் விட்டுடும், அதனால ஃப்ரெண்டோட பொருளை திங்கட்கிழமை திருப்பிக் குடுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு சேந்து முடிவு பண்ணுங்க. பாவத்துக்கு வருத்தப்பட்டு சொல்ற மனஸ்தாப செபத்தை எந்த மொழியில பிள்ளை நினைக்குதோ அந்த மொழியில படிக்கட்டும், ஸ்கூல்ல நாள் பூரா இங்கிலீஷ் பேசுற பிள்ளைக்கு தேவரீர், சர்வேசுரான்னு வர்ற பழைய செபம் அர்த்தம் புரியாம வாயில மட்டும் ஓடும். தமிழ்லயே சொல்லணும்னு ஆசைப்பட்டா ஓஃபிர் ரோட்ல இருக்க லூர்து மாதா கோயில் இருக்கவே இருக்கு, 1888-ல நம்ம தமிழ் கத்தோலிக்கருக்குன்னு கட்டின கோயில் அது, ஆனா மொழிக்காக பிள்ளையை கஷ்டப்படுத்தாதீங்க.

அந்த நாளுக்கு முன்னாடி ஒரு தடவை கோயிலுக்கு கூட்டிட்டுப்போய் பாவசங்கீர்த்தன அறையை காட்டுங்க, திரைக்கு பின்னாடி முழங்கால் போடலாம், நேருக்கு நேரா உக்காந்தும் பேசலாம்னு சொல்லி எது வேணும்னு பிள்ளையே சொல்லட்டும். வீட்லயும் ஒரு ஒத்திகை பாருங்க, சிலுவை போட்டு "ஃபாதர், இது என் முதல் பாவசங்கீர்த்தனம்"னு ஆரம்பிக்கிறதுல இருந்து ஆமென் வரைக்கும், ஆனா ஒத்திகையில நிஜப் பாவத்தை சொல்லச் சொல்லாதீங்க, கதையில வர்ற பையனோட தப்பை வெச்சு பண்ணுங்க. பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போறதுல தப்பில்ல, நாம வாங்கிப் படிக்கக் கூடாது, முடிஞ்சதும் கிழிச்சுப் போடட்டும். நடுவுல மறந்துட்டா "ஃபாதர், மறந்துட்டேன்"னு சொன்னா போதும், அவரே உதவி பண்ணுவார்.

ஃபாதர் எதையும் யார்கிட்டயும் சொல்ல முடியாது, போலீஸ் கேட்டாலும், அம்மா கேட்டாலும், உயிரே போனாலும். ஆனா இந்த ரகசியம் குருவைத்தான் கட்டும், பிள்ளையை கட்டாது. உள்ள நடந்த ஏதாவது மனசுக்கு சங்கடமா இருந்தா வெளிய வந்து அம்மா அப்பாகிட்ட தாராளமா சொல்லலாம்னு பிள்ளைக்கு தெரிஞ்சிருக்கணும், இதை நிறைய பேர் சொல்லிக்குடுக்கிறதே இல்ல.

அன்னைக்கு நீங்களும் வரிசையில நில்லுங்க, அம்மா அப்பா போறதை பாக்குறது பிள்ளைக்கு பெரிய தைரியம். முடிச்சு வந்ததும் "என்ன சொன்ன, ஃபாதர் என்ன கேட்டாரு"ன்னு மட்டும் கேக்காதீங்க, குடுத்த பரிகார செபத்தை பெஞ்சுல உக்காந்து சொல்லி முடிக்க நேரம் குடுங்க, அப்புறம் பிடிச்சதை வாங்கிக் குடுத்து கொண்டாடுங்க. அடுத்த தடவை எப்பன்னு அந்த வாரமே முடிவு பண்ணிடுங்க, மாசம் ஒரு தடவை முடியலன்னாலும் தவக்காலத்துலயும் திருவருகைக்காலத்துலயும் பாரிஷ் பாரிஷா பல ஃபாதருங்க ஒண்ணா வந்து பாவசங்கீர்த்தனம் கேக்குறாங்க, அந்த தேதியை காலண்டர்ல குறிச்சு வெச்சு குடும்பமா போங்க.